கல்யாணத்துக்கு வீட்டுப் பசங்கள எப்படிக் கூப்பிடலாம்: தாம்பூலமா, கிஃப்ட் பெட்டியா, தபாலா, வாட்ஸ்அப்பா?

கல்யாண வேலைன்னு ஆரம்பிச்சா மண்டபத்துக்கு நாலு இடம் பாக்கறோம், சமையலுக்கு மூணு பேர்கிட்ட விலை கேக்கறோம், ஜவுளிக்கு ஆரணியா காஞ்சிபுரமான்னு வாரக்கணக்குல பேசறோம். ஆனா சீர் தட்டு தூக்க, வாசல்ல பன்னீர் தெளிக்க, மாப்பிள்ளை ஊர்வலத்துல கார்ல பக்கத்துல உக்கார, சர்ச் கல்யாணம்னா பூக்கூடைய எடுத்துகினு பொண்ணுக்கு முன்னாடி நடக்க, இதுக்கெல்லாம் பத்து பதினஞ்சு பசங்க வேணும், அந்தப் பசங்கள மட்டும் யாரும் கேக்கறதே இல்ல. "அவ வருவா, நான் சொல்லிக்கிறேன்"னு அவங்க அம்மா முடிச்சிடறாங்க. அப்புறம் அன்னிக்கு மண்டப வாசல்ல அந்தப் பொண்ணு தட்டத் தொடமாட்டேன்னு நிக்கும், பெரியவங்க ஆளாளுக்கு அதட்டுவாங்க, வீடியோக்காரர் லைட்ட மூஞ்சில அடிச்சுகினு காத்திருப்பாரு. அந்தப் புள்ளை மேல ஒரு தப்பும் கிடையாது, அதுகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல, அவ்ளோதான்.

எங்க தம்பிக்கு வர்ற ஆவணில கல்யாணம், பசங்க பொறுப்பு மொத்தமும் என்கிட்ட. அண்ணன் பசங்களுக்கு நான் அத்தை, அக்கா பசங்களுக்கு சித்தி, 3 வயசுலேர்ந்து 17 வயசு வரைக்கும் எல்லா சைஸ்லயும் இருக்காங்க. இன்ஸ்டாகிராம்ல பாத்தா பெட்டி, பலூன், துண்டு துண்டா வெட்டின படத்த சேக்கற பஸ்ஸில்னு விதவிதமா வருது, பாக்க ஆசையாதான் இருக்கு, ஆனா வேலூர் வெயிலுக்கும் நம்ம வீட்டு முறைக்கும் நம்ம பசங்க சுபாவத்துக்கும் எது ஒத்துவரும்னு ஒவ்வொண்ணா எடுத்து வச்சு யோசிச்சேன். நான் பாக்கறது ரெண்டு விஷயம். அந்தக் குழந்தைக்கு முடியாதுன்னு சொல்ல இடம் இருக்கா, என்ன வேலைக்குக் கூப்பிடறோம்னு அதுக்குப் புரியுதா. அழகா இருக்கா, எவ்ளோ செலவுங்கறதெல்லாம் அதுக்கு அப்புறம்.

முதல்ல எந்த வேலைக்குன்னு பிரிச்சுக்கணும்

சில வேலை முறையால வர்றது. பொண்ணு கையில பொரி போடறது அவ கூடப்பொறந்தவன், மூணாவது முடிச்சு போடறது நாத்தனார், தாலி கட்டும்போது பின்னாடி விளக்கு பிடிக்கிறதும் நாத்தனார். கூடப்பொறந்தவங்க இல்லன்னா பெரியப்பா சித்தப்பா பசங்கள பாப்போம், அதுவும் முறை பாத்துதான். இங்க உனக்கு விருப்பமான்னு கேக்கறதுக்குப் பெருசா இடம் இல்ல, ஆனா 12 வயசுப் பையன் பொரி போடணும்னா அவனுக்கு முன்னாடியே உக்கார வச்சு சொல்லணும், அக்னி பக்கத்துல உக்காரணும், புகை வரும், கண்ணு எரியும், ஐயர் சொல்லும்போது ரெண்டு கையாலயும் அள்ளிப் போடணும்னு. ஏதாவது பழைய கல்யாண வீடியோ வீட்டுல இருந்தா அந்த இடத்த மட்டும் போட்டுக் காட்டுங்க, அஞ்சு நிமிஷ வேலை, அவன் பயம் பாதி போயிடும்.

மத்த வேலை எல்லாம் நாம கேட்டு வாங்கறது. தட்டு வரிசை, பன்னீர் சொம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டு, ரோஜாப்பூ குடுக்கறது, மாப்பிள்ளைத் தோழன், தோழிப்பொண்ணு, ரிசப்ஷன் டான்ஸ், சர்ச்ல ஃப்ளவர் கேர்ளும் ரிங் பேரரும். இதுல பசங்களுக்கு எது முடியும்னு நாம யோசிச்சுட்டுதான் போய்க் கேக்கணும். தட்டு எப்பவும் ஒத்தப்படைல 11, 21, 51னு வைப்போம், அதுல பழத்தட்டு நல்ல கனம், பெரிய பொம்பளைங்களுக்கே கை வலிக்கும், அதனால சின்னதுங்களுக்கு வளையல் தட்டு, பூத்தட்டு, சாக்லேட் தட்டு. விளக்கு, ஆரத்தி தட்டு, கற்பூரம் எதுவும் பட்டுப்பாவாடை கட்டின குழந்தை கையில குடுக்கவே கூடாது, இதுல எனக்கு ரெண்டாவது பேச்சே கிடையாது.

நேரமும் பாக்கணும். நம்ம பக்கம் முந்தின நாள் சாயங்காலம் ரிசப்ஷன், மறுநாள் விடியக்காலைல முகூர்த்தம். முகூர்த்தம் நாலரை ஆறுன்னு வச்சிருந்தா 5 வயசுக் குழந்தைய ரெண்டு மணிக்கு எழுப்பி தலை வாரி மேக்கப் போட்டு மேடைக்குக் கூட்டினு வர்றது கொடுமை, அதனால சின்னப் பசங்களுக்கு ரிசப்ஷன் வேலை மட்டும்தான் கேக்கணும்னு நான் முடிவே பண்ணிட்டேன். முகூர்த்தத்துக்கு 13, 14 வயசுக்கு மேல.

ஒவ்வொரு வழியா பாக்கலாம்

அம்மா அப்பா வழியா சொல்லி விடறதுதான் எல்லாரும் பண்றது. செலவு இல்ல, அலைச்சல் இல்ல, ஒரு போன்ல பத்து பசங்க ரெடி. 4 வயசுக்குக் கீழ இது ஒண்ணுதான் சரி, ஏன்னா அந்த வயசுல இன்னிக்கு சரின்னு சொல்லும், நாளைக்கு மறந்துடும், அம்மா மடில இருந்து இறங்கறதே பெரிய விஷயம். அதுங்களுக்குக் கேக்கறத விட பழக்கறது முக்கியம், ஒரு சின்னக் கூடைய மாசக்கணக்கா வீட்டுல விளையாடக் குடுத்துட்டா அன்னிக்கு அது புதுசா தெரியாது. ஆனா 6, 7 வயசு தாண்டிட்டா இந்த வழி வேணாம். நடுவுல அம்மா என்ன சொல்வாங்கன்னு நமக்குத் தெரியாது, "ஒழுங்கா தட்டு தூக்கினாதான் ஐஸ்க்ரீம்"னு முடிஞ்சிருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது குழந்தைக்குன்னு தனியா பத்திரிகை வச்சு அழைக்கிறது. எப்படியும் சொந்தக்காரங்க வீட்டுக்கு நேர்ல போறோம், தட்டுல வெத்தலை பாக்கு, பழம், பூ, மஞ்சள் குங்குமம் வச்சு பெரியவங்க கையில பத்திரிகை குடுக்கறோம். அது முடிஞ்சதும் பைல இருந்து இன்னொரு கவர எடுத்து, அதுல செல்வன் இன்னார், செல்வி இன்னார்னு அந்தக் குழந்தை பேரு எழுதி, சின்னத் தட்டுல கல்கண்டும் ஆற்காடு மக்கன் பேடா ரெண்டும் வச்சு, குழந்தைய நேர நிக்க வச்சு ரெண்டு கையாலயும் குடுக்கணும். பெரியவங்களுக்கு என்ன மரியாதையோ அதே மரியாதை. என்ன உன்னை வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமான்னு பசங்கள எவ்ளோ தடவை திட்டியிருப்போம், ஒரு தடவை நெஜமாவே அப்படி அழைச்சுப் பாருங்க. எங்க அண்ணன் பொண்ணுக்கு இப்படி ஒரு கல்யாணத்துக்கு யாரோ கவர் குடுத்தாங்க, "அத்தே, என் பேருல வந்திருக்கு"ன்னு வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் காட்டுச்சு, ஸ்கூல் பைல வச்சுகினே சுத்துச்சு.

கவர் உள்ள பத்திரிகையோட ஒரு வெள்ளப் பேப்பர்ல கையால நாலு வரி எழுதி வைக்கணும், அதுதான் இதுல உயிர். என்ன வேலை, எத்தனை மணிக்கு, எவ்ளோ நேரம், கூட யார் இருப்பாங்க. உதாரணமா: "ரிசப்ஷன் அன்னிக்கு சாயங்காலம் 6 மணிலேர்ந்து 7 மணி வரைக்கும் வாசல்ல நின்னு எல்லாருக்கும் ரோஜாப்பூ குடுக்கணும், உன் கூட பெரிய மாமா பொண்ணு இருக்கும், கால் வலிச்சா உக்காந்துக்கலாம், உனக்கு இஷ்டம்னா சொல்லு, இல்லன்னா பரவால்ல, நீ கல்யாணத்துக்கு வந்து சாப்ட்டு விளையாடினாலே எங்களுக்கு சந்தோஷம்." கடைசி வரிய விட்டுடாதீங்க. குடுத்த உடனே பதில் கேக்காம, ஞாயித்துக்கிழமை போன் பண்றேன், அப்ப சொல்லுன்னு எழுந்து வந்துடணும். இல்லன்னா பக்கத்துல நிக்கிற ஆயா "சரின்னு சொல்லுடி, அத்தை ஆசையா கேக்கறாங்க இல்ல"ன்னு ஆரம்பிச்சுடுவாங்க, அப்புறம் அது கேட்டதாவே ஆகாது. போறதுக்கு முன்னாடி அம்மா அப்பாகிட்ட போன்ல ஒரு வார்த்தை சொல்லி வச்சுட்டா நல்லது, இந்த மாதிரி கேக்கப் போறேன், நீங்க வற்புறுத்தாதீங்கன்னு.

இதுல கஷ்டம் தூரம்தான். ஒரு காலத்துல எல்லாமே ஒரே வடஆற்காடு மாவட்டம், 1989ல திருவண்ணாமலை பிரிஞ்சுது, 2019ல ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பிரிஞ்சுது, ஆனா சொந்தம் இன்னும் வாலாஜாலயும் குடியாத்தத்துலயும் வாணியம்பாடிலயும் போளூர்லயும் பரவிக் கிடக்கு, அதுக்கு மேல சென்னை, பெங்களூரு. நேர்ல போற வீட்டுக்கு மட்டும்தான் இது முடியும். இன்னொண்ணு, ஒரு வீட்டுல மூணு பசங்க இருந்தா மூணு கவர் வேணும், ஒரு கவர்ல மூணு பேரையும் எழுதறது வேணாம். அதே மாதிரி அண்ணன் வீட்டுல குடுத்துட்டு தம்பி வீட்டுல குடுக்காம வந்தா அந்தப் பேச்சு அடுத்த தலைமுறை கல்யாணம் வரைக்கும் ஓடும். லிஸ்ட் எழுதி வச்சுகினு கிளம்புங்க, பத்திரிகை அடிக்கும்போதே இதுக்குன்னு கொஞ்சம் கூட சேத்து அடிச்சுடுங்க. மொத்தச் செலவே அவ்ளோதான்.

பத்திரிகைலயே பசங்க பேரு போடறதும் இருக்கு, இது நம்ம ஊர்ல ரொம்ப நாளா நடக்கறதுதான், கீழ ஒரு மூலைல "எங்க மாமா கல்யாணத்துக்கு எல்லாரும் மறக்காம வந்துடுங்க"ன்னு குட்டிப் பசங்க பேரு வரும். அழகான பழக்கம், எனக்கு அத விட மனசே இல்ல. அக்கா பசங்களுக்கு அவன் மாமா, அண்ணன் பசங்களுக்கு சித்தப்பா, அதனால ரெண்டு வரியா போடப் போறோம். ஆனா இத கேக்கற வழியா வச்சுக்கக் கூடாது. அச்சுல வந்துட்டா அது அறிவிப்பு, அப்புறம் அந்தக் குழந்தை எப்படி மாட்டேன்னு சொல்லும். ஒரு பேரு விட்டுப் போச்சுன்னா திருத்தவும் முடியாது, ப்ரூஃப் வரும்போது ரெண்டு பேரு உக்காந்து பேரு பேரா சரி பாக்கணும். ரோட்டுல வைக்கிற ஃப்ளெக்ஸ்ல பசங்க போட்டோ போடறதுக்கு நான் ஆதரவு இல்ல, முக்கியமா 12, 13 வயசுப் பொண்ணுங்க போட்டோ. அதுங்களுக்கே பிடிக்கறது இல்ல, ஸ்கூல்ல கிண்டல் பண்றாங்க, வெளிய சொல்லாம உள்ளயே வச்சுக்குதுங்க.

கிஃப்ட் பெட்டிதான் இப்ப பெரிய ஃபேஷன். லாங் பஜார்ல சுத்தினா அதுக்கு வேண்டிய எல்லாம் ஒரே தெருவுல கிடைக்குது, கண்ணாடி வளையல், மருதாணி கோன், க்ளிப்பு, குட்டி டப்பா, மேல கட்ட ரிப்பன், பசங்களுக்கு கலர் பேனா, கூலிங் கிளாஸ். மூடிய தொறந்தா "என் தோழிப்பொண்ணா வர்றியா?"ன்னு ஒரு கார்டு. தொறக்கும்போது அந்த முகத்துல வர்ற சந்தோஷம் உண்மைதான், நான் மறுக்கல. ஆனா கையில பொருள வச்சுட்டு அப்புறம் கேள்வி கேட்டா எந்தக் குழந்தை வேணாம்னு சொல்லும்? வளையலத் திருப்பிக் குடுக்கணுமோன்னு அதுக்குள்ள ஓடும். அப்புறம் பெட்டிக்குப் பெட்டி கணக்கு பாக்கும், அவனுக்கு ரெண்டு சாக்லேட், எனக்கு ஒண்ணான்னு. பத்து பதினஞ்சு பசங்களுக்குப் பெட்டி கட்டினா நாலாயிரம் அஞ்சாயிரம் சாதாரணமா ஆயிடும், அந்தக் காசுல எல்லாருக்கும் நல்ல செருப்பே வாங்கிடலாம். அதனால பெட்டி குடுக்கணும்னு ஆசை இருந்தா கல்யாணம் முடிஞ்சு, வேலை செஞ்சாங்களோ இல்லையோ எல்லாப் பசங்களுக்கும் ஒரே மாதிரி குடுங்க.

பெட்டில ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிச்சுது, அந்த பஸ்ஸில். கடைல ஆர்டர் குடுக்கக் கூட வேணாம், மாமாவும் அந்தக் குழந்தையும் சேந்து எடுத்த பழைய போட்டோ ஒண்ண பெருசா ப்ரிண்ட் போட்டு, அட்டைல ஒட்டி, பன்னெண்டு துண்டா வெட்டி, பின்பக்கம் கேள்விய எழுதிடுங்க. அடுக்கி முடிச்சு, மேல ஒரு அட்டைய வச்சுத் திருப்பினா கேள்வி தெரியும். 6லேர்ந்து 10 வயசு வரைக்கும் இது நல்லா எடுபடும். பொருள் எதுவும் கைல வரல, அதனால கடன்பட்ட மாதிரி இருக்காது, விளையாட்டும் ஆச்சு. நேர்ல போக முடியாத வீட்டுக்குக் கவர்ல போட்டு அனுப்பலாம்.

ஜவுளி எடுக்கக் கூட்டினு போய் அங்கயே கேக்கறது அடுத்தது. ஆரணி பக்கத்துல இருக்கறதால நம்ம ஊர்ல பட்டு எடுக்கப் போறதே ஒரு திருவிழா. குழந்தைய நேரா பாவாடை செட் பக்கம் கூட்டினு போய், இதக் கட்டிகினு அத்தை கூட வாசல்ல நிக்கிறியான்னு கேட்டா அதுக்கு உடனே புரியும், வார்த்தைல பத்து தடவை சொல்றத விட துணிய தோள் மேல வச்சுக் கண்ணாடில காட்டினா போதும். 5லேர்ந்து 8 வயசுப் பொண்ணுங்களுக்கு இது நல்ல வழி, கலர அதுவே எடுக்கட்டும், நாம நினைச்ச கலர் இல்லன்னாலும் பரவால்ல. ஆனா எல்லாத்தையும் ஒரே வண்டில அடைச்சுக் கூட்டினு போகாதீங்க, பெரியவங்க முகூர்த்தப் புடவை பாக்க மூணு மணி நேரம் ஆகும், பசங்க பசில அழும், அந்த எரிச்சல்ல கேட்டா எல்லாத்துக்கும் மாட்டேன்தான். ஒருத்தர், இல்ல ரெண்டு பேர். அதுவும் முதல்ல கேள்வி, அப்புறம் பில்லு. துணி எடுத்து தைக்கக் குடுத்த பிறகு கேக்கறதுல அர்த்தமே இல்ல.

துணி பத்தி வந்ததால இதையும் சொல்லிடறேன். சித்திரை வைகாசில இங்க வெயில் 40 டிகிரிய சர்வசாதாரணமா தாண்டுது, கத்திரி வெயில்ல கெட்டிப் பட்டு கட்டின குழந்தை அரை மணி நேரத்துல துவண்டுடும், ஆவணிலயும் பகல்ல புழுக்கம்தான். உள்ள காட்டன் லைனிங் வச்சுத் தைக்கச் சொல்லுங்க, ஜரிகை கழுத்துல உரசாம இருக்கணும். பாவாடைக்கு அடில டக் வச்சுத் தைச்சா கல்யாணத்துக்குள்ள வளந்தாலும் இறக்கிக்கலாம், அடுத்த தீபாவளிக்கும் ஆகும். குழந்தைகிட்ட கேக்கும்போது உடம்ப உறுத்தாத துணிதான் எடுப்போம்னு வாக்கு குடுங்க, நெறைய பசங்க மாட்டேன்னு சொல்றதே அந்த உறுத்தல நினைச்சுதான்.

வெளிய கூட்டினு போய் சர்ப்ரைஸா கேக்கறதும் சொல்றாங்க. அமிர்திக்குப் போய் அருவி பக்கத்துல, ஏலகிரி மேல, இல்லன்னா ஆம்பூர்ல பிரியாணி வாங்கிக் குடுத்து, எல்லாப் பசங்களையும் வட்டமா உக்கார வச்சு ஒரே நேரத்துல கேக்கறது. வீடியோக்கு நல்லா இருக்கும். ஆனா பத்து பேரு "ஓ..."ன்னு கத்தும்போது பதினோராவது குழந்தை மட்டும் எனக்கு வேணாம்னு சொல்ல முடியுமா? கூச்ச சுபாவம் உள்ள குழந்தை அங்க சிரிச்சுட்டு வீட்டுக்கு வந்து அழும். ஏலகிரின்னா 14 ஹேர்பின் வளைவு வேற, மேல ஏறறதுக்குள்ள ரெண்டு பேருக்கு வாந்தி, அந்த மூடுல என்ன கேக்கறது. அதனால கேக்கறதுக்கு இது வேணாம், கேட்டு சரின்னு சொன்ன பசங்கள ஒண்ணா சேக்கறதுக்கு இத வச்சுக்கலாம். அதுக்கும் மலைக்கெல்லாம் போக வேண்டியதில்ல, ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வேலூர் கோட்டைக்குக் கூட்டினு போங்க, ஜலகண்டேஸ்வரரப் பாத்துட்டு புல்தரைல உக்காந்து காலித் தட்ட வச்சு வரிசையா நடக்கப் பழக்குங்க. சென்னைல இருந்து வந்த பசங்களும் குடியாத்தம் பசங்களும் அங்கதான் ஒட்டிக்கும், கல்யாணத்தன்னிக்கு அந்த ஒட்டுதல்தான் கை குடுக்கும்.

தபால். இத யாரும் யோசிக்கறதே இல்ல, ஆனா தூரத்துப் பசங்களுக்கு இத விட நல்ல வழி எனக்குத் தெரியல. இந்தக் காலத்துப் பசங்க எதுக்கும் அவங்க பேருக்குன்னு ஒரு லெட்டர் வந்ததே இல்ல. போஸ்ட் கார்டு 50 பைசா, இன்லேண்ட் லெட்டர் 2 ரூபா 50 பைசா. போஸ்ட்மேன் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக் குடுக்கும்போது அந்தக் குழந்தை தெருவுக்கே ராஜா. இன்னும் கொஞ்சம் மெனக்கெடலாம்னா மை ஸ்டாம்ப்னு தபால்துறைலயே இருக்கு, நம்ம போட்டோவ ஸ்டாம்ப் கூட சேத்து அச்சடிச்சு 12 ஸ்டாம்ப்பா ஒரு ஷீட்டு குடுப்பாங்க, பெரிய தபால் ஆபீஸ்ல போட்டோவும் அடையாள அட்டையும் எடுத்துகினு போய் விசாரிங்க. மாமாவும் வரப்போற அத்தையும் இருக்கற ஸ்டாம்ப் ஒட்டி வந்த லெட்டர் 8லேர்ந்து 13 வயசுப் பசங்களுக்கு தாம்பூலத்துக்குச் சமம். லெட்டர கவர்ல போட்டு, உள்ளயே நம்ம விலாசம் எழுதின இன்னொரு கார்டு வச்சு அனுப்பிட்டா பதில் எழுதும். எழுத்துல மாட்டேன்னு சொல்றது நேர்ல சொல்றத விட அதுங்களுக்கு சுலபம், அதுதான் இதுல எனக்குப் பிடிச்ச இடம். போறதுக்கும் வர்றதுக்கும் டைம் ஆகும், தொலையவும் வாய்ப்பு இருக்கு, அதனால ரெண்டு மாசம் முன்னாடியே போட்டுடணும்.

பெரிய பசங்களுக்கு வேற வழி

14 வயசுக்கு மேல மேல சொன்ன எதுவும் நேரடியா செல்லாது. பெட்டி, பஸ்ஸில் எல்லாம் சின்னப்புள்ளைத்தனம்னு நினைப்பாங்க. அவங்களுக்கு வாட்ஸ்அப்தான், ஆனா ஃபேமிலி குரூப்புல கிடையவே கிடையாது. குரூப்புல கேட்டா முதல்ல பதில் போடறது பெரியப்பா, அடுத்து தம்ஸ்அப்பா வரிசையா வரும், அந்தப் பையன் பாத்துட்டு மூடி வச்சுடுவான். தனியா, ஒரு நிமிஷம் வாய்ஸ் நோட்டு. எழுதி அனுப்பறத விட குரல்ல சொன்னா உரிமையும் தெரியும், அவன் தனியா உக்காந்து ரெண்டு தடவை கேட்டுக்கலாம், பதில் சொல்ல டைம் எடுத்துக்கலாம். மாப்பிள்ளையோ பொண்ணோ அவங்களே அனுப்பினா இன்னும் நல்லது, ஏன்னா அந்த வயசுல அவங்களுக்கு வேண்டியது யாரு நம்மள நினைச்சாங்கங்கறதுதான்.

வேலையும் உண்மையான வேலையா இருக்கணும். சும்மா சிரிச்சுகினு வாசல்ல நில்லுன்னா நிக்க மாட்டாங்க. ரிசப்ஷன் பாட்டு லிஸ்ட் போடறது, குரூப் போட்டோவுக்கு யார் யார் வரணும்னு பேர் எழுதிக் கூப்பிடறது, காட்பாடி ஜங்ஷன்ல வர்ற சொந்தக்காரங்கள அப்பா கூட போய்க் கூட்டினு வர்றது, 17 வயசுன்னா மொய் எழுதற மாமா பக்கத்துல உக்காந்து கவர் வாங்கி வைக்கறது, சின்னப் பசங்க வரிசைக்கு லீடர். எங்க அக்கா பையனுக்கு 15 வயசு, டான்ஸ் ஆடறியாடான்னு தனியா கேட்டேன், "சித்தி, ஆட மாட்டேன், ஆனா மாமா சின்ன வயசு போட்டோ எல்லாம் சேத்து ஸ்க்ரீன்ல ஓட்டற வீடியோ நான் பண்றேன்"னு மறுநாள் பதில் வந்துச்சு. மாட்டேன்னு சொல்ல இடம் இருந்ததாலதான் அது வந்துச்சு, எங்க யாருக்கும் தோணாத யோசனை அது. எல்லார் முன்னாடியும் கேட்டிருந்தா தலைய ஆட்டிட்டு அன்னிக்கு மண்டபத்துல எங்கயாவது போய் உக்காந்திருப்பான்.

பத்தாவது, பன்னெண்டாவது படிக்கிற பசங்க இருந்தா காலண்டரப் பாத்துட்டு கேளுங்க. தை, மாசி கல்யாணம்னா பப்ளிக் எக்ஸாம் வாசல்ல நிக்கும், ப்ராக்டிகல் அதுக்கும் முன்னாடியே வந்துடும், அந்த நேரத்துல டான்ஸ் ரிகர்சல்னு கூப்பிட்டா குழந்தைக்கும் மனசு ரெண்டாகும், அம்மா அப்பாவுக்கும் நம்ம மேல வருத்தம். ஆவணின்னா காலாண்டு பரீட்சை கிட்ட வரும், ஆனா சமாளிக்கலாம். ஒரு சாயங்கால வேலை மட்டும் கேளுங்க.

சர்ச் கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை, வேலூர்ல பாதிப் பேருக்கு சொந்தத்துலயோ ஃப்ரெண்ட்ஸ்லயோ அது உண்டு. ஃப்ளவர் கேர்ள், ரிங் பேரர் ரெண்டும் 4லேர்ந்து 7 வயசுதான், எல்லாரும் எழுந்து நின்னு திரும்பிப் பாக்க நடுவுல தனியா நடக்கணும், பெரியவங்களுக்கே கூச்சம் வரும். அதனால வார்த்தையால கேக்கறத விட அந்த சர்ச்சுக்கு ஒரு நாள் சாயங்காலம், காலியா இருக்கும்போது கூட்டினு போய், கைய பிடிச்சுகினு கடைசி வரைக்கும் நடந்து காட்டி, இப்படி நடக்கலாமான்னு கேக்கறதுதான் சரி. ஒத்தைல அனுப்பாம ரெண்டு பேரா நடக்க விடறதும் நல்லது. நெஜ மோதிரத்த பெஸ்ட் மேன் பாக்கெட்டுல வச்சுகிட்டு குழந்தை தலகாணில சும்மா ஒரு மோதிரம் கட்டி விடுங்க, தவறினா தவறட்டும்.

எங்க வீட்டுக்கு நான் எடுத்த முடிவு

நேர்ல போற வீடு எல்லாத்துலயும் 6 வயசுலேர்ந்து 13 வயசு வரைக்கும் தனி கவர், தாம்பூலத்தோட. சென்னை, பெங்களூரு பசங்களுக்கு தபால், அதுல 10 வயசுக்குக் கீழ இருக்கறதுக்கு பஸ்ஸில் சேத்து. 5 வயசும் அதுக்குக் கீழயும் அம்மாகிட்ட சொல்லிட்டு கூடைய விளையாடக் குடுக்கறது, அதுல அண்ணனோட சின்னப் பொண்ண மட்டும் ஆரணிக்குக் கூட்டினு போறோம். 14க்கு மேல தம்பியே வாய்ஸ் நோட்டு. பத்திரிகைல பேரு எல்லாருக்கும், வேலை ஒத்துகிட்டாலும் ஒத்துக்கலன்னாலும். பெட்டி வேணாம், கல்யாணம் முடிஞ்ச பிறகு எல்லாருக்கும் ஒரே மாதிரி ஒரு பொருள். இதுவே உங்க வீட்டுல பசங்க நாலே பேரு, எல்லாரும் பக்கத்துத் தெருன்னா இவ்ளோ யோசிக்க வேணாம், தனி கவர் மட்டும் போதும், அத விட்டுடாதீங்க.

சரின்னு சொன்ன குழந்தை கடைசி நேரத்துல மாட்டேன்னு சொல்லும், சொல்லாம இருக்காது, அதுக்கும் ஏற்பாடு பண்ணிக்கோங்க. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பெரியவங்க பேரு பின்னாடி எழுதி வச்சிருக்கோம், குழந்தை நின்னுடுச்சுன்னா அவங்க வாங்கிப்பாங்க, குழந்தை சும்மா கூட நடந்தா போதும், நடக்கலன்னாலும் போதும். வீடியோக்காரர்கிட்டயும் முன்னாடியே சொல்லியாச்சு, அழற குழந்தைய மறுபடி மறுபடி நடக்க வச்சு எடுக்காதீங்கன்னு. ரிசப்ஷன் ஆறு மணின்னா பசங்களுக்கு அஞ்சு மணிக்கே தனியா ரெண்டு இட்லியும் தண்ணியும் குடுக்க ஒரு சின்னம்மாவ நியமிச்சாச்சு, ஒரு பைல ஊக்கு, கைக்குட்டை, மாத்து சட்டை, பழைய செருப்பு. புது செருப்பு கண்டிப்பா கடிக்கும்.